பிஸ்கோத்துக்குப் புட்டு மாவு பதம்

தூத்துக்குடி ஆச்சி, இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள்தான், அந்த வீட்டில் ஓர் ஆமை இருப்பது அவருக்குத் தெரிந்தது. அக்டோபர் கடைசி. வெளியே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. மாடியில் பேத்தியின் அறையில் மட்டும் பட்டப்பகல் வெளிச்சம். 'இந்தப் பிள்ளை எத்தனை லைட்டைப் போட்டு வச்சிருக்கு' என்று அணைக்கப் போனவர், ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து இரண்டு மிளகுக் கண்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். மகளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் நாலு மாதமாக வீடியோ காலில் அந்த மூலையைக் காட்டாமல் சமாளித்திருக்கிறாள்.

"ஏன்ட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீ வரவே மாட்டே. அதான்."

மாப்பிள்ளை தன் பங்குக்கு, "அத்தை, அந்தப் பழமொழி நிஜ ஆமையைச் சொல்லலை. கல்லாமை, இயலாமை, பொறாமைன்னு வர்ற ஆமைகளைத்தான் சொல்லுது" என்று விளக்கம் கொடுத்தார். ஆச்சியும் அதைப் பட்டிமன்றங்களில் கேட்டிருக்கிறார்தான். "அமீனாவுக்கும் அப்படி ஒரு விளக்கம் வச்சிருக்கீகளா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஒன்பது வயதுப் பேத்தி அதற்கு 'பிஸ்கட்' என்று பெயர் வைத்திருந்தாள். ஆச்சி வாயில் அது முதல் நாளிலிருந்தே 'பிஸ்கோத்து'தான். ஹெர்மன் ஆமை என்கிற வகை. ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகள் என்று மத்திய தரைக்கடலை ஒட்டிய பகுதிகளில் வாழ்கிற நில ஆமை. பிரிட்டனில் இதை வீட்டில் வளர்க்கலாம். ஆனால் விற்பவர் 'ஆர்ட்டிகிள் 10' என்கிற அரசுச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் காகிதம் வீட்டில் பத்திரமாக இருந்தது. காகிதம் சரியாக இருந்ததே தவிர, ஆமை சரியாக இல்லை.

ஜூன் மாதம் வாங்கும்போது 28 கிராம். தீப்பெட்டி அளவு. விற்ற கடையில், "இது வறண்ட பிரதேசத்து ஜீவன், ஈரம் ஆகாது" என்று சொல்லி மரச்சீவலைப் பெட்டியில் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். நாலு மாதத்தில் கழுத்திலும் முன்னங்கால்களிலும் தோல் மாவு தூவியதுபோல் வெளுத்து, மடிப்புகளில் லேசாக வெடித்திருந்தது. முதுகு ஓட்டில் ஒவ்வொரு தகடும் நடுவில் கொஞ்சம் உப்பி, இரண்டு தகடுகளுக்கு இடையில் பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. விலங்கு மருத்துவர் அதைக் காட்டி, "கோபுரம் எழும்புகிறது" என்றாராம். எழும்பிய மேடு இனி அமுங்காது. ஆனால், இனிமேல் வளரும் பகுதியைச் சமமாக வளர்க்கலாம். ஓடு வேகமாக வளர்வது முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான். இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது. ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர், அத்தனை வருடமும் அந்த முதுகோடுதான் இருக்கும்.

ஆமை ஓட்டை நாம் கல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது கல் அல்ல. அடியில் உயிருள்ள எலும்பு, விலா எலும்புகளோடும் முதுகெலும்போடும் சேர்ந்தது. அதன் மேல் நம் நகத்தில் இருக்கிற அதே ரகப் பொருளால் ஆன மெல்லிய தகடுகள். தொட்டால் அதற்குத் தெரியும், தட்டினால் வலிக்கும். கழுத்துத் தோலும் முதுகு ஓடும் ஒரே உடம்பின் உறை. ஒன்று வறண்டால் இன்னொன்றும் வறளும்.

குட்டி ஆமையின் முதுகு மேடு தட்டுவதற்குப் புரதம் அதிகமாகச் சாப்பிடுவதுதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2003இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு, ஆப்பிரிக்க நில ஆமைக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தது. புரதம் பெரிய வித்தியாசத்தைச் செய்யவில்லை. காற்று வறண்ட இடத்தில் வளர்ந்த குட்டிகளுக்குத்தான் முதுகு அதிகமாக மேடு தட்டியது. யோசித்தால் புரியும். வறண்ட நாட்டு ஆமை என்றாலும் அதன் குட்டி வெட்டவெளியில் திரிவதில்லை. புதர் அடியில், சருகுக்குள், ஈர மண்ணைத் தோண்டிப் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டுதான் கிடக்கும். ஊரின் பெயரைப் பார்த்த கடைக்காரர், குட்டி படுக்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஆச்சிக்கு உடனே தெரிந்த விஷயங்கள் அல்ல. அவருக்குத் தெரிந்தது, காலை எட்டு மணிக்கு அந்த வீட்டில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பதுதான். மகள் ரயிலைப் பிடிக்க ஓடுவாள், மாப்பிள்ளை பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார். மருத்துவரோ, தினமும் காலையில் குட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் அது நடக்காமல் போனது. நாலாவது நாள், பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த ஆச்சி, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

தண்ணீரின் சூடு பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை விடக் கொஞ்சம் ஆறினது. முழங்கையை வைத்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஆழம், குட்டி தலையை நீட்டினால் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டதும் பிஸ்கோத்து கழுத்தை நீட்டி, மூக்கு முங்கக் குனிந்து, தொண்டை ஏறி இறங்கத் தண்ணீர் குடித்தது. ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தவிச்சுப் போயில்லா கெடந்திருக்கு" என்று சாயங்காலம் மகளிடம் சொன்னார். கையுறை இரண்டாம் வாரத்தில் காணாமல் போனது.

தண்ணீரில் நிற்கும்போது வெள்ளையாகப் பசை போல ஒன்றை அது கழிக்கும். அது கெட்டது அல்ல. மணல் மணலாக, சுண்ணாம்புக் கட்டி போல வந்தால்தான் உடம்பில் நீர் போதவில்லை என்று அர்த்தம். டப்பா விஷயத்தில் மட்டும் ஆச்சி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: அது அடுக்களைப் பக்கம் வரக் கூடாது, அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது. தொட்டால் தீட்டு என்கிற கணக்கில் அவர் சொன்னது, மருத்துவர் சொன்னதோடு அப்படியே ஒத்துப்போனது. ஆரோக்கியமான ஆமைகூட சால்மனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பாக.

அடுத்தது பெட்டி. மரச்சீவலை எடுத்துவிட்டு மண் போட வேண்டும். மாப்பிள்ளை உரம் கலக்காத தோட்ட மண் ஒரு மூட்டையும், செங்கல் போல அழுத்திய தேங்காய் நார்த்தூள் கட்டிகள் இரண்டும் வாங்கிவந்தார். கட்டியின் உறையில் 'இந்தியாவில் தயாரானது' என்று இருந்தது. "நம்மூர்க் கதம்பைத் தூளுக்கு இம்புட்டு விலையா?" என்று ஆச்சி அதிர்ந்தது தனிக் கதை. பிரச்சினை என்னவென்றால், எவ்வளவு ஈரம் வேண்டும் என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஈரமானியில் ஓர் எண் வந்தது, மண்ணில் வேறு மாதிரி இருந்தது. முதல் முயற்சி சேறாகிவிட்டது. இரண்டாவது, ஒரு ராத்திரியில் காய்ந்து தூசி பறந்தது. அந்த நாட்டுக் குளிர்காலத்தில் வீடு முழுக்க ஹீட்டர் ஓடும். அறைக் காற்று அப்பளம் காயவைக்கலாம் போல வறண்டிருக்கும்.

ஆச்சி கையை விட்டுப் பிசைந்தார். ஒரு பிடி எடுத்து அழுத்தினார், உருண்டை நின்றது. விரலால் தட்டினார், உதிர்ந்தது. "போதும், இதுக்கு மேல ஒரு சொட்டு விடாதீக. புட்டு மாவு பதம்" என்றார்.

மருத்துவர் சொல்லியிருந்ததும் அதுதான், வேறு வார்த்தைகளில். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, விட்டால் புழுதியாகவும் இருக்கக் கூடாது. நாலு அங்குல ஆழத்துக்கு மண். தண்ணீரை மேலே தெளிக்காமல் பெட்டியின் நாலு மூலைகளில் ஊற்றினால் அது அடியில் பரவும். அடி ஈரமாகவும் மேல்பரப்பு கிட்டத்தட்டக் காய்ந்தும் இருக்கும். இது முக்கியம். ஈரம் நல்லது என்று மேல்மண்ணை எப்போதும் நசநசவென்று வைத்தால், வயிற்று ஓட்டில் அழுகல் பிடிக்கும். அங்கே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மெத்தென்ற இடம், கெட்ட வாடை, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஒரு மூலையில் கவிழ்த்துவைத்த பூந்தொட்டித் துண்டு, அதற்குள் ஈரப்பாசி. பிஸ்கோத்து அன்றைக்கே அதற்குள் போய் மண்ணைத் தோண்டிப் படுத்துக்கொண்டது. மேலே திறந்திருந்த பெட்டியில் பாதியை ஒரு பலகையால் மூடியதும், ஈரமானி 40இலிருந்து 70க்கு ஏறியது.

ஈரம் மட்டும் போதாது, வெயிலும் வேண்டும். பெட்டியின் ஒரு ஓரத்தில் சூட்டு விளக்கு. அதன் அடியில், ஆமையின் முதுகு உயரத்தில் அளந்தால் 32இலிருந்து 35 டிகிரி வரை. எதிர் ஓரம் 20 சொச்சம். எங்கே இருக்க வேண்டும் என்பதை அது தானே முடிவுசெய்துகொள்ளும். அதோடு புற ஊதாக் கதிர் தரும் ஒரு ட்யூப். ஜன்னல் ஓரத்து வெயில் இருக்கிறதே என்று ஆச்சி கேட்டார். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும். சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர்க்கத் தேவையான அந்தக் கதிர் மட்டும் வராது. ட்யூபிலும் இதே சங்கதிதான். பார்வைக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கதிர் வற்றிப்போகும். ஆறு மாதமோ ஒரு வருடமோ, தயாரித்தவர் சொன்ன கெடுவில் மாற்றிவிட வேண்டும். மாட்டிய தேதியை ஆச்சி பெட்டியின் ஓரத்தில் தமிழில் எழுதி ஒட்டினார். பேத்தி எழுத்துக் கூட்டி அதைப் படித்தாள்.

தேங்காய் எண்ணெய் விவகாரம் நவம்பரில் வந்தது. குளிரில் ஆச்சிக்குக் காலெல்லாம் வெடித்து, ஊரிலிருந்து கொண்டுபோன எண்ணெயைத் தினமும் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே கிண்ணத்தோடு ஆமைப் பெட்டிக்கு அருகில் அவரைக் கண்ட பேத்தி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டாள். "ஆச்சி, நோ!" ஆமையின் ஓட்டில் எண்ணெய் போட்டால் பளபளக்கும், படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால், அந்தப் பிசுக்கில் மண்ணும் அழுக்கும் ஒட்டிக் கிருமி சேரும். உள்ளே இருக்கும் வறட்சிக்கு அது மருந்தும் இல்லை. தோலுக்கு நல்லது என்று வைட்டமின் ஏ ஊசியைத் தேவையில்லாமல் போட்டு, அளவு மீறித் தோலே உரிந்துபோன ஆமைகள் உண்டு. உரிகிற செதிலைப் பிய்க்கவும் கூடாது. பாம்பு சட்டையை முழுதாக உரிக்கும். ஆமைக்குக் கழுத்திலும் காலிலும் துணுக்குத் துணுக்காக உதிரும். அது இயல்பு. தண்ணீரில் ஊறித் தானாகப் போகும்.

எண்ணெய்க் கிண்ணத்தை ஆச்சி கீழே கொண்டுபோய்விட்டார். கொஞ்சம் முகம் சுருங்கித்தான் போனது. பேத்தி பின்னாலேயே வந்து, ஆச்சியின் காலுக்கு அதைத் தேய்த்துவிட்டாள். அதுவரை இருவருக்கும் இடையே பேச்சு, சாப்பிட்டியா, தூங்கினியா என்கிற அளவில்தான் இருந்தது. ஒருத்திக்குத் தமிழ் தடுமாறும், இன்னொருத்திக்கு ஆங்கிலம் தடுமாறும். அன்றைக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

டிசம்பரில் இன்னொரு பயம். முதுகு ஓடு முழுக்க வெள்ளைப் பூச்சு. பேத்தி படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்று முடிவுசெய்து அழுதாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆமையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். பிறகு பேத்தியை அடுக்களைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலின் உட்புறத்தைக் காட்டினார். அதே வெள்ளை. உப்புத் தண்ணீரும் கறைபிடித்த குடமுமாகக் காலம் தள்ளிய ஊர்க்காரருக்கு இது தெரியாதா என்ன. ரெடிங் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினத் தண்ணீர். தினமும் முக்கி எடுத்து அப்படியே காயவிட்டதில் ஓட்டில் படிந்திருந்தது. ஈரத்துணியால் மெள்ளத் துடைக்கத் துடைக்கப் பழுப்பும் மஞ்சளும் எழுந்து வந்தன. துடைத்தும் போகாமல், ஓடு குழிந்தோ உதிர்ந்தோ இருந்தால்தான் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அதன் பிறகு குளியல் முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது வழக்கமானது. துணி, ஆச்சியின் பழைய புடவையில் கிழித்தது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் ஆச்சிக்கு ஆச்சரியம் அதிகம். பழம் கூடாதாம், இந்த ஆமையின் குடலுக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது. வெறும் லெட்டூஸ் கீரை மட்டும் போட்டால் சத்து போதாது. களைச்செடிகளின் இலை, நார் நிறைய வேண்டும். டான்டிலயன், க்ளோவர் என்று அங்கே புல்வெளியில் பிடுங்கி எறிவதெல்லாம் அதற்கு விருந்து. குளிர்காலத்தில் அவை கிடைக்காதபோது, காய்ந்த செம்பருத்திப் பூவைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். "தலைக்குத் தேய்க்கதையா திங்குது?" சப்பாத்திக்கள்ளியும் நல்ல தீனியாம். தேரிக்காட்டில் சீந்துவாரற்றுக் கிடப்பதை எடைபோட்டு விற்கும் பக்கத்தைப் பேத்தி காட்டியபோது ஆச்சி சிரித்த சிரிப்பில், கீழே இருந்த மகள் மேலே ஓடிவந்தாள். சுண்ணாம்புச் சத்துக்காகப் பெட்டியில் வெள்ளையாக ஒரு துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஆச்சிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பது. சின்ன வயதில் கடற்கரையில் பொறுக்கியது. பிஸ்கோத்து அதைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டால், ஆச்சி மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்வார்.

குளிர்காலத்தில் ஹெர்மன் ஆமைகள் மாதக்கணக்கில் உறங்கும். வளர்ப்பவர்கள் சிலர் அதற்கென்று தனி ஃபிரிட்ஜை ஐந்து டிகிரியில் வைத்து, அதற்குள் உறங்கவைக்கிறார்கள். "உசிரோடயா?" என்று ஆச்சி நெஞ்சில் கை வைத்தார். உடம்பு தேறாத குட்டிக்கு அந்த வருடம் உறக்கம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அந்தக் காட்சியை அவர் காணவேண்டியிருக்கவில்லை.

ஞாயிறுதோறும் எடை. அதற்கென்றே வாங்கிய சின்னத் தராசு, ஆச்சியின் பழைய டைரி. அக்டோபர் கடைசியில் 33 கிராம். மார்ச் மூன்றாம் ஞாயிறு 58. கழுத்துத் தோல் மாவு தட்டுவது நின்று, கறுப்பும் மஞ்சளுமாக வழுவழுத்திருந்தது. ஓட்டுத் தகடுகளுக்கு நடுவே சந்தன நிறத்தில் புதுக் கோடு. அதுதான் புது வளர்ச்சி. விரலை ஓட்டினால் பழைய மேடு நெருடும், புதுக் கோடு சமமாக இருக்கும். பேத்தியின் விரலைப் பிடித்து ஆச்சியே தடவிக் காட்டினார்.

ஆறு மாத விசா முடிந்து கிளம்பும் நாள் நெருங்கியபோது பேத்தி ஒரு யோசனை சொன்னாள். ஆச்சி தூத்துக்குடியில் தனியாக இருக்கிறாரே, அங்கே ஒரு நட்சத்திர ஆமை வாங்கிக்கொள்ளலாமே. மாப்பிள்ளை குறுக்கிட்டார். நட்சத்திர ஆமை நம் மண்ணின் உயிர். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யார் கொண்டுவந்து விற்றாலும் வாங்கி வளர்ப்பது குற்றம், மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. நம் ஊர்க் கடைகளில் தொட்டியில் நீந்தும் சிவப்புக் காது ஆமை, அமெரிக்காவிலிருந்து வந்த நீராமை. அதன் வளர்ப்பே வேறு. வளர்க்க முடியவில்லை என்று குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் பிழைப்பைக் கெடுக்கும்.

"எனக்கு வேண்டாம்ட்டி. எனக்கு அறுபத்தாறு. நீ என் வயசுக்கு வரும்போதும் இது இருக்கும்லா, நீ பாத்துக்க" என்றார் ஆச்சி. பேத்தி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஐம்பத்தேழு வருடம்.

பேசாமல் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ புட்டு மாவு எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அடுக்களையில் அரிசி மாவும், மாடியில் மண்ணுமாக ஒரே காலையில் இரண்டு பாடமும் நடந்தது. இடையில் கை கழுவியதா என்று ஆச்சி நாலு தடவை கேட்டார்.

இப்போது ஜூன். தோட்டத்தில் கம்பி வலை மூடிய அடைப்புக்குள், நரியும் காக்கையும் எட்டாத இடத்தில், பிஸ்கோத்து நிஜ வெயிலில் க்ளோவர் மேய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் வந்ததும் ஆச்சி முதலில் கேட்பது, "வயித்தைக் காட்டுட்டி" என்பதுதான். பேத்தி இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, நொடி நேரம் சாய்த்துக் காட்டுகிறாள். அடி ஓடு சுத்தம், திட்டு இல்லை, வாடை இல்லை. எடை 71. தூத்துக்குடியில் டைரி திறக்கிறது.